தீயை மறித்த திரைச்சீலை!
விஞ்ஞானி கே-லூசாக்கின் வாழ்வும் பணியும்



கே-லூசாக் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் இரண்டு மார்க்குக்காகப் படித்த வாயு விதிதானே! எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தீத்தடுப்பு பினிஷிங் பாடம் நடத்தும்போது எங்கள் சார் இதே பெயரை மறுபடியும் சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை. காரணம் எங்க அம்மா.

நான் ஆறாவது படிக்கும்போது, சோறு வடிக்கப் போன அம்மாவின் காட்டன் சேலை முந்தானையில் அடுப்புத் தீ பிடித்துவிட்டது. அப்பா ஈரச்சாக்கைப் போட்டு அணைத்தார். உயிர் தப்பியது, இடது கையில் தழும்பு இன்னும் இருக்கு. அம்மா விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுபவர். சோறு போடுகிற துணியே அன்று எமனாக வந்தது. அதனால்தான் இந்தப் பாடத்தை நான் பரீட்சைக்காக மட்டும் படிக்கவில்லை.

ஜோசப் லூயி கே-லூசாக் 1778 டிசம்பர் 6-ல் பிரான்ஸ் நாட்டின் செயின்ட் லெயோனார் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அதன் கொடிய நாட்களில் அப்பாவைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அந்தக் கஷ்டத்தையெல்லாம் தாண்டி, 1797-ல் பாரிஸில் உள்ள எக்கோல் பாலிடெக்னிக்கில் மாணவராகச் சேர்ந்தார். ஆமாம் நண்பர்களே, அவரும் பாலிடெக்னிக் மாணவர்தான்! அங்கே படித்தவர்களுக்கு அப்போது அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. ஸ்காலர்ஷிப் பணம் எப்போ வரும்னு ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்க்கிற என் போன்றவர்களுக்கு இது பெரிய செய்தி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

படிப்பு முடிந்ததும் பெர்த்தோலே என்ற பெரிய வேதியியலாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். குளோரினைக் கொண்டு துணியை வெளுக்கும் முறையைத் தந்த அதே பெர்த்தோலேதான். குரு எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவைச் சிஷ்யன் ஒரு சோதனையில் கொண்டுவந்தாராம். குரு கோபப்படவில்லை, பாராட்டினார் என்று சொல்வார்கள்.

1802-ல் வாயு விதியை வெளியிட்டார். 1804 செப்டம்பர் 16-ல் தன்னந்தனியாக பலூனில் ஏறி 7,016 மீட்டர் உயரம் போனார். மூச்சு முட்டும் அந்த உயரத்தில் காற்றைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வந்து, அதிலும் தரையில் உள்ள அதே அளவு ஆக்சிஜன்தான் இருக்கிறது என்று காட்டினார். 1808-ல் தெனார் என்பவருடன் சேர்ந்து போரான் தனிமத்தைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு பொட்டாசியம் சோதனை ஒன்று வெடித்துக் கண்கள் பாதிக்கப்பட்டன. பார்வைக் குறை கடைசி வரை தீரவில்லை. ஆனாலும் லேபை விட்டு அவர் போகவில்லை. நாம் தினமும் கையில் எடுக்கிற பியூரெட், பிப்பெட் என்ற பெயர்களைப் பரப்பியவரும் அவர்தான்.

1809-ல் நடந்த அவருடைய கல்யாணக் கதை சுவையானது. துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண், மேஜைக்கு அடியில் மறைத்து வைத்து வேதியியல் புத்தகம் படித்ததைப் பார்த்தாராம். அவரையே மணந்துகொண்டார்!

இனி நம் விஷயத்துக்கு வருவோம். அக்காலத்து நாடக அரங்குகளில் மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும்தான் வெளிச்சம். லினன் திரைச்சீலையில் ஒரு பொறி பட்டால் போதும், அரங்கமே போச்சு! இதற்கு வழி கண்டுபிடிக்கும்படி மன்னர் பதினெட்டாம் லூயி கேட்டுக்கொள்ள, கே-லூசாக் பல உப்புகளைத் துணியில் ஏற்றி எரித்துப் பார்த்து, 1821-ல் முடிவை வெளியிட்டார். துணியைக் காப்பது இரண்டு வகை உப்புகள் என்றார். ஒரு வகை, சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி நூலைப் போர்த்திக் காற்றை மறிக்கும், போராக்ஸ் இப்படி. இன்னொரு வகை, சூட்டில் எரியாத வாயுவை விட்டுத் தீயை நீர்க்கச் செய்யும். அம்மோனியம் குளோரைடு இப்படி. அம்மோனியம் பாஸ்பேட்டையும் இவற்றோடு சேர்த்தார். பருத்தி எரியும்போது உண்மையில் தீப்பிடிப்பது அதிலிருந்து கிளம்பும் ஆவிதான். பாஸ்பேட்டிலிருந்து வரும் அமிலம் செல்லுலோஸிலிருந்து நீரைப் பிரித்து, ஆவியாகப் போக வேண்டியதைக் கரியாக நிறுத்திவிடுகிறது. இது பிற்காலத்தில் தெளிவான விளக்கம்.

இவை ஏதோ வெளிநாட்டு மருந்து இல்லை நண்பர்களே! போராக்ஸ் என்பது நகைப் பட்டறையில் இருக்கும் வெண்காரம். அம்மோனியம் குளோரைடு என்பது பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் வைத்திருக்கும் நவச்சாரம்.

சாரிடம் அனுமதி வாங்கி லேபில் ஒரு காட்டன் துண்டை வெண்காரமும் அம்மோனியம் பாஸ்பேட்டும் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன். பாதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். ஓரம் கருகியது, சுவாலை ஏறவில்லை! எனக்கு ஒரே பெருமை. அம்மா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம், இதைத் துவைச்சா என்னடா ஆகும்னு கேட்டாங்க.

மிச்சம் இருந்த துண்டை அம்மாவே துவைத்துக் கொடியில் போட்டாங்க. மறுநாள் தீக்குச்சி வைத்தேன். சாதாரணத் துணி மாதிரியே குபுகுபுவென்று எரிந்துவிட்டது. உப்பெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

கே-லூசாக் மேல் குறை சொல்ல முடியாது. திரைச்சீலையை யாரும் தினமும் துவைப்பதில்லை. அந்த வேலைக்கு அவர் முறை சரியானதே. துவைத்தால் மறுபடி உப்பேற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு அரங்குத் திரைகளுக்கு இப்படிப்பட்ட உப்பு முறை இன்றும் பயன்படுகிறது. ஆனால் எங்க அம்மாவின் சேலை தினமும் கல்லில் அடிபடும். துவைத்தாலும் போகாத முறை வேண்டும் என்று மாவ் சாயம் கண்டுபிடித்த பெர்க்கினின் மகன் பாடுபட்டு, வெள்ளீய ஆக்சைடை நூலுக்குள்ளேயே படிய வைத்து 1912-ல் அறிவித்தார். பின்னர் பாஸ்பரஸ் சேர்மங்களை இழையோடு பிணைக்கும் முறைகளும் வந்தன. தொழிற்சாலைச் சீருடைகளுக்கு அவை உண்டு. எங்கள் தெருவில் விற்கும் சேலையில் இல்லை.

கே-லூசாக் 1850 மே 9-ல் பாரிஸில் காலமானார். ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. ஒரு மன்னர் கேட்ட கேள்விக்கு அவர் பதில் கண்டார். எங்க அம்மா கேட்ட கேள்வியை என் பிராஜெக்ட் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். துவைத்தாலும் போகக் கூடாது, விலையும் ஏறக் கூடாது. உங்களில் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால் லேபுக்கு வாருங்கள், சேர்ந்து செய்வோம்!