நிற்பதா? தொடர்வதா? – டென்னிஸ் ரிட்சி



சி லேபில் உட்கார்ந்த எல்லோருக்கும் இரண்டு வார்த்தைகள் பழக்கம். ஒன்று எரர், இன்னொன்று வார்னிங். எரர் வந்தால் முகம் வாடிப் போகும். வார்னிங் வந்தாலோ, ரன் ஆகுதுல்ல, விடு மச்சி என்பதே நம் வழக்கம்! எந்தத் தவறுக்கு மெஷினை நிறுத்துவது, எந்தத் தவறைச் சொல்லிவிட்டு மேலே போவது? அந்தக் கோட்டைப் போட்டவர்களில் ஒருவர்தான் சி மொழியின் தந்தை டென்னிஸ் ரிட்சி.

1941 செப்டம்பர் 9-ல் நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் ஊரில் பிறந்தார். அப்பா அலிஸ்டெர் ரிட்சி, பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்விட்சிங் சர்க்யூட் நிபுணர். மகன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். 1968-ல் ஆய்வேடு எழுதி முடித்தும், அதை முறைப்படி ஒப்படைக்காததால் டாக்டர் பட்டம் கிடைக்கவேயில்லை. பட்டம் இல்லாவிட்டால் என்ன? 1967-லேயே அப்பா வேலை பார்த்த அதே பெல் கூடத்தில் சேர்ந்துவிட்டார்.

அங்கே அப்போது மல்டிக்ஸ் என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் வேலை நடந்துகொண்டிருந்தது. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் மூன்றும் கூட்டு. வேலை இழுத்துக்கொண்டே போகவே, 1969-ல் பெல் விலகிக்கொண்டது. அதே ஆண்டு கென் தாம்சன், பி.டி.பி.-7 என்ற சின்ன மெஷினில் யுனிக்ஸை ஆரம்பித்தார். ரிட்சி தோள் கொடுத்தார். 1972 வாக்கில் சி மொழி உருவானது. 1973-ல் யுனிக்ஸின் மையப்பகுதியே சி-யில் திருப்பி எழுதப்பட்டது.

இங்கேதான் நம்ம விஷயம் வருது. மல்டிக்ஸில் வேலை செய்த டாம் வான் வ்ளெக், தான் எழுதும் நிரலில் பாதி, தவறு நேர்ந்தால் மீள்வதற்கே போய்விடுகிறது என்று ரிட்சியிடம் சொன்னாராம். ரிட்சியோ, அதையெல்லாம் நாங்கள் விட்டுவிட்டோம், பேனிக் என்று ஒரு ரொட்டீன் இருக்கு, அது வந்தால் மெஷின் விழுந்துவிடும், வராந்தாவில் குரல் கொடுத்து மறுபடி பூட் பண்ணச் சொல்வோம், அவ்வளவுதான் என்றாராம்!

கேட்க விளையாட்டாகத் தெரியும். ஆனால் 1975-ல் வெளிவந்த ஆறாம் பதிப்பு யுனிக்ஸைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு புரியும். டிஸ்கில் இடம் இல்லையா? கன்சோலில் ஒரு வரி அச்சாகும். கேட்ட புரோகிராமுக்கு ஒரு எரர் எண் போகும். மற்றவர்கள் வேலை நடந்துகொண்டே இருக்கும். ஃபைல் டேபிள் நிரம்பினாலும் அப்படித்தான். ஆனால் ஸ்வாப் இடமே தீர்ந்து போனால்? பேனிக்! அப்போதும், மெமரியில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் நிற்கும். ஒருவன் தவறுக்கு அவனுக்கு மட்டும் பதில். சிஸ்டமே தன்னை நம்ப முடியாத நிலை வந்தால்தான் முழு நிறுத்தம்.

இதில் குறை இல்லையா? இருக்கு. ஒரு பயனர் வளங்களை அளவுக்கு மீறித் தின்றால் யுனிக்ஸ் விழுந்துவிடும் என்று, அதன் பாதுகாப்பைப் பற்றிய கட்டுரையில் ரிட்சியே ஒளிக்காமல் எழுதினார்.

மொழியிலும் இதே கேள்வி. அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால், அது முழு எண் தருவதாக சி எடுத்துக்கொண்டது. பி.டி.பி.-11-ல் முழு எண்ணும் பாயின்டரும் ஒரே 16 பிட். அதனால் பெரும்பாலும் கேடு தெரியவில்லை. கம்பைலர் பேசாமல் போக, குறை சொல்வதற்கென்றே ஸ்டீபன் ஜான்சன் லின்ட் என்ற தனிக் கருவி எழுதினார். பிறகு 64 பிட் மெஷின்கள் வந்தன. பாயின்டர் 64, முழு எண் 32. பாதி முகவரி வெட்டுப்பட்டு புரோகிராம் சாயும்! 1999-ன் சி தரம் அந்தப் பழக்கத்தை நீக்கியது. ஆனாலும் பழைய நிரல்கள் உடையக்கூடாதே என்று ஜி.சி.சி. கம்பைலர் வார்னிங்கோடு நிறுத்திக்கொண்டது. 2024-ல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் அது எரர் ஆனது. இருபத்தைந்து வருஷ வார்னிங்!

1983-ல் தாம்சனோடு சேர்ந்து டூரிங் விருது பெற்ற ரிட்சி, 2007-ல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபரில் நியூஜெர்சி வீட்டில் தனியாக இறந்து கிடந்தார். ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உலகம் அந்தப் பரபரப்பில் இருந்தது. நம்மில் பலர் அப்போது பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்க மாட்டோம். ஆனால் இன்றைக்கு நாம் தொடும் லினக்ஸ், ஆண்ட்ராய்ட் எல்லாமே சி மொழியின் மேல்தான் நிற்கின்றன. லினக்ஸிலும் பேனிக் என்ற அதே பெயர் இருக்கு. அதற்கு ஒரு படி கீழே ஊப்ஸ் என்று இன்னொன்று. பெரும்பாலும் தவறு செய்த புரோகிராமை மட்டும் முடித்துவிட்டுப் போகப் பார்க்கும்.

நண்பா, நாளைக்கு நீ எழுதும் நிரல் ஒரு பாய்லரையோ லிஃப்டையோ ஓட்டலாம். மேலே போனால் யாருக்குக் கேடு, நின்றால் யாருக்குக் கேடு என்று கேட்டுப் பார். பதிலை நீ எழுதி வைக்காவிட்டால், மெஷின் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும்!