கிரிக்கெட்டா, ஹாக்கியா?

1936-ம் வருஷம் சென்னை ஆட்டக்காரர் எம். ஜே. கோபாலனுக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டது. இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போவதா, பெர்லின் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடப் போவதா? இரண்டும் ஒரே கோடைகாலத்தில். இரண்டிலும் சூரர் என்பதுதான் அவருக்கு வந்த வினை!

கோபாலன் செங்கற்பட்டு ஜில்லா மொரப்பாக்கத்துக்காரர், 1909-ல் பிறந்தவர். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்த சி. பி. ஜான்ஸ்டன் துரை அவருடைய வேகப் பந்து வீச்சைக் கண்டு, பர்மா ஷெல் கம்பெனியில் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தை நம்பி வயிறு வளர்க்க முடியாத காலம் அது. பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடக்கும் பந்தயத்தில் ஜான்ஸ்டன் ஐரோப்பியர் கோஷ்டி. கோபாலன் இந்தியர் கோஷ்டி. உத்தியோகம் தேடித் தந்தவருக்கே பந்து வீச வேண்டும்!

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் பந்தயம் ஆடினார். அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவரே. மைசூரைச் சென்னை ஒரே நாளில் தோற்கடித்தது. மறு வருஷம் கையில் ஹாக்கி மட்டை. தியான்சந்த் தலைமையில் நியூஜிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப் பிரயாணம். அந்தக் கோஷ்டி கோல்களாய்க் குவித்துத் திரும்பியது.

அப்புறம்தான் அந்த 1936. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அதில் தவறு காண்பது நியாயமல்ல. ஹாக்கியில் இந்தியா ஏற்கெனவே இரு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தது. இங்கிலாந்து மண்ணில் டெஸ்ட் ஆடுவதோ அபூர்வம். ஆனால் விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் போன கோஷ்டியில் ஒற்றுமை இல்லை. லாலா அமர்நாத் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டில் இரண்டு தோல்வி. நாற்பது வயதான சென்னை வீரர் சி. ராமஸ்வாமிக்கு இரண்டு டெஸ்ட் கிடைத்தது. கோபாலனுக்கு ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் தியான்சந்த் கோஷ்டி ஜெர்மனியை 8-1 என்று முறியடித்துத் தங்க மெடல் வாங்கியது. கோபாலன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்.

கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரு டெஸ்டோடு அவர் டெஸ்ட் கணக்கு முடிந்தது. இருந்தும் சென்னைக்காகப் பல வருஷம் ஆடினார். பின்னர் இந்திய கோஷ்டியைப் பொறுக்கும் கமிட்டியிலும் இருந்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1953-ல் தொடங்கிய பந்தயத்துக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். 2003 டிசம்பர் 21-ந் தேதி, 94-வது வயதில், சென்னையில் காலமானார்.