நான்கு குண்டுகளின் கணக்கு

உயர்நிலைப் பள்ளியில் என்னுடைய இணைப்பாட நடவடிக்கை ஏர் ரைஃபிள். குளிரூட்டிய கூடம், 10 மீட்டர் தூரம், சத்தமில்லாத சூழல். ஒரு நாள் பயிற்றுவிப்பாளர் எங்களை நான்கு மாடிப் படிகளில் மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கியை எடுத்துச் சுடச் சொன்னார். வழக்கமாக ஒன்பது, பத்து என்று விழும் என் குண்டுகள் அன்று இலக்கு அட்டையின் ஓரங்களில் சிதறின. ஒன்று அட்டையிலேயே படவில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் இதையே ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறார்கள் என்று அவர் சிரித்தபடி சொன்னார். பயத்லான் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான்.

அன்றிரவு இணையத்தில் தேடியபோது, பயத்லான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 1960ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் முடிவுப் பட்டியல் கண்ணில் பட்டது. தங்கம் வென்றவரைவிட, நான்காவது வரியில் இருந்த பெயர்தான் என்னை நிறுத்தியது. விளாடிமிர் மெலானின், சோவியத் ஒன்றியம். இப்போது நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், ஏர் ரைஃபிளை விட்டு வெகுநாளாகிவிட்டது. அந்த நான்காவது வரியை மட்டும் விட முடியவில்லை.

அவர் கதைக்குப் போகுமுன் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். விதி தெரியாவிட்டால் அவருக்கு நேர்ந்தது புரியாது. அன்றைய பயத்லானில் ஒரே போட்டிதான். பனியில் 20 கிலோமீட்டர் சறுக்க வேண்டும். மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் சறுக்கு அல்ல இது. காட்டுக்குள், மேட்டிலும் பள்ளத்திலும், கைத்தடிகளை ஊன்றித் தன் பலத்தாலேயே முன்னேறும் நெடுந்தூரச் சறுக்கு. முதுகில் துப்பாக்கி தொங்கும். வழியில் நான்கு இடங்களில் நின்று, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். ஆக மொத்தம் 20 குண்டுகள். இலக்குகள் 100 முதல் 250 மீட்டர் வரை வெவ்வேறு தூரங்களில் இருந்தன. தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் மொத்த நேரத்தில் 2 நிமிடம் கூட்டப்படும்.

2 நிமிடம் என்றால் என்ன? மெலானின் சறுக்கிய வேகத்தில் அது ஏறத்தாழ 450 மீட்டர். மூச்சிரைக்க ஏறிய ஒரு மேடு முழுவதும் ஒரு குண்டில் போய்விடும். சுடுமிடத்துக்கு வந்து சேரும்போது வீரரின் இதயம் நிமிடத்துக்கு 170, 180 முறை துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் துப்பாக்கியின் முனை அசையும். அந்த அசைவு எனக்குத் தெரியும். நான்கு மாடிப் படிகளுக்கே தெரிந்துகொண்டேன்.

மெலானின் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி கீரோவ் வட்டாரத்தில் பிறந்தார். அவர் பிறந்தபோது கீரோவ் நகரத்தின் பெயர் வியாத்கா. அடுத்த ஆண்டு கொல்லப்பட்ட ஓர் அரசியல் தலைவரின் நினைவாக அது கீரோவ் ஆனது. மாஸ்கோவிலிருந்து வடகிழக்கே ரயிலில் ஏறத்தாழ 950 கிலோமீட்டர் போக வேண்டும். ஆண்டில் ஐந்து மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் பகுதி. ஹிட்லரின் படைகள் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்தபோது மெலானினுக்கு ஏழு வயது. போர் முடிந்தபோது பதினொன்று.

பனியில் சறுக்கிக்கொண்டே சுடுவது முதலில் வேட்டைக்காரர்களின் வேலையாகவும் படைவீரர்களின் வேலையாகவும் இருந்தது. 1924ல் பிரான்சின் சாமொனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் படைவீரர்கள் குழுவாகச் சறுக்கிச் சுடும் போட்டி ஒன்று இடம்பெற்றது. சீருடையின் வாசனை இல்லாமல், தனிநபர் விளையாட்டாக அது மாறியது 1950களில்தான். முதல் உலக வெற்றியாளர் போட்டி 1958ல் ஆஸ்திரியாவின் சால்ஃபெல்டனில் நடந்தது. சுவீடனின் அடால்ஃப் விக்லண்ட் வென்றார். மறு ஆண்டு இத்தாலியின் கூர்மயூரில் நடந்த போட்டியில் தங்கம் மெலானினுக்கு. வயது 25. பயத்லானில் உலக வெற்றியாளரான முதல் சோவியத் வீரர் அவர்தான். குழுவுக்கான தங்கமும் அவர் நாட்டுக்கே கிடைத்தது.

எனவே 1960 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்குவா வேலிக்குப் போனபோது அவர் நடப்பு உலக வெற்றியாளர். (அந்த ஒலிம்பிக்கில் பனிவண்டிப் போட்டி நடத்தப்படவில்லை. வரும் நாடுகள் குறைவு என்று சொல்லி ஏற்பாட்டாளர்கள் ஓடுபாதையே கட்டவில்லை. பயத்லானுக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம்.)

பிப்ரவரி 21ஆம் தேதி போட்டி. வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்பட்டார்கள். யார் முன்னே, யார் பின்னே என்று பாதையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மெலானின் 20 கிலோமீட்டரை 1 மணி 27 நிமிடம் 42.4 விநாடியில் முடித்தார். தங்கம் வென்ற சுவீடனின் கிளாஸ் லெஸ்டாண்டர் எடுத்துக்கொண்டது 1 மணி 33 நிமிடம் 21.6 விநாடி. அதாவது மெலானின் அவரைவிட ஐந்தரை நிமிடத்துக்கும் மேல் வேகமாக வந்தார். சறுக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் லெஸ்டாண்டர் 15ஆம் இடத்தில்தான் இருந்தார். ஆனால் அவருடைய 20 குண்டுகளும் இலக்கில் பட்டன. மெலானின் நான்கைத் தவறவிட்டார். 8 நிமிடம் கூட்டப்பட்டு, அவர் நேரம் 1 மணி 35 நிமிடம் 42.4 விநாடி ஆனது.

பின்லாந்தின் ஆண்ட்டி டிர்வைனன் இரண்டு குண்டுகளைத் தவறவிட்டு 1 மணி 33 நிமிடம் 57.7 விநாடியில் வெள்ளி வாங்கினார். மெலானினின் சக வீரர் அலெக்ஸாண்டர் பிரிவலோவ் மூன்றைத் தவறவிட்டு வெண்கலம் வாங்கினார்.

இந்தக் கணக்கை ஒரு பழைய பயிற்சி நோட்டின் பின்பக்கத்தில் நான் போட்டுப் பார்த்தேன். மெலானினின் நான்கு தவறுகளில் ஒன்று சரியாகப் பட்டிருந்தால் அவருக்கு வெள்ளி. இரண்டு பட்டிருந்தால் ஒன்றரை நிமிட வித்தியாசத்தில் தங்கம். நான்கும் தவறியதால் எதுவுமில்லை. நான்காம் இடத்துக்கு மேடையில் படி கிடையாது.

வேகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதே நாளில் இன்னொரு சாட்சி உண்டு. பிரான்சின் விக்டர் ஆர்பே 1 மணி 25 நிமிடம் 58.4 விநாடியில் எல்லாரையும்விட வேகமாகச் சறுக்கினார். ஆனால் 20 குண்டுகளில் 18 தவறின. கூட்டப்பட்ட நேரம் 36 நிமிடம். இதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். படிகளில் ஏறிய நாள் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

மெலானினின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது இதற்குப் பிந்திய நான்கு ஆண்டுகள். அவர் முன்னால் இருந்த சிக்கலை எண்களில் வைத்துப் பாருங்கள். சுடுமிடத்தில் நிதானிக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் விலை ஒரு விநாடி. தவறும் குண்டுக்கு விலை 120 விநாடி. ஒவ்வொரு குண்டுக்கும் கூடுதலாக 5 விநாடி எடுத்துக்கொண்டாலும் 20 குண்டுகளுக்கு 100 விநாடிதான் ஆகும். ஒரு தவறின் விலையைவிட அது குறைவு. அப்படியானால் நிதானமாகச் சுட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். காகிதத்தில் சரி. உண்மையில் குறியை அதிக நேரம் பிடித்து நின்றால் கை நடுங்கத் தொடங்கும், கண் மங்கும். குளிரில் விரல் விறைக்கும். சுடுவதற்கு ஒரு சரியான கணம் உண்டு, அதைத் தாண்டினால் காத்திருப்பதால் நன்மை இல்லை. அதோடு, சுடுமிடத்தை நெருங்கும்போது எங்கே வேகத்தைத் தணிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. சீக்கிரம் தணித்தால் நேரம் போகும். தாமதித்தால் மூச்சு அடங்காது. இதற்குப் பாடப்புத்தக விடை கிடையாது. ஒவ்வொருவரும் தன் உடம்பைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1961ல் சுவீடனின் உமியோவில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் பின்லாந்தின் காலெவி ஹூஸ்கோனனுக்குப் போனது. ஸ்குவா வேலியோடு மெலானினின் காலம் முடிந்தது என்று அப்போது யாராவது நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1962ல் பின்லாந்தின் ஹாமீன்லின்னாவில் அவர் மீண்டும் உலக வெற்றியாளர் ஆனார். 1963ல் ஆஸ்திரியாவின் சீஃபெல்ட்டில் மூன்றாவது முறை. அடுத்த ஆண்டு ஒலிம்பிக் பயத்லான் நடக்கவிருந்ததும் அதே சீஃபெல்ட்டில்தான்.

1964 இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கின் பெரிய கவலை பனி. அந்த ஆண்டு பனி போதவில்லை. ஆஸ்திரிய ராணுவத்தினர் மலைமேலிருந்து பனியையும் பனிக்கட்டிகளையும் கொண்டுவந்து போட்டிப் பாதைகளில் கொட்டிப் பரப்பினார்கள். சீஃபெல்ட் இன்ஸ்புரூக்குக்கு மேலே, சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். பிப்ரவரி 4ஆம் தேதி பயத்லான் போட்டி.

புறப்பட்டவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்லாந்தின் வெய்க்கோ ஹக்குலினன். நெடுந்தூரப் பனிச்சறுக்கில் 1952, 1956, 1960 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். 39 வயதில் அவரும் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை.

மெலானினுக்கு அப்போது வயது 30. படுத்துச் சுட்ட குண்டுகள் எல்லாம் பட்டன. கடைசியில் 100 மீட்டர் தூரத்திலிருந்து நின்றபடி சுட வேண்டும். எனக்குத் தெரிந்தவரை அதுதான் கொடுமை. படுத்திருக்கும்போது முழங்கைகளுக்கு நிலம் தாங்கல். நிற்கும்போது அந்தத் தாங்கல் இல்லை, களைத்த கால்கள்தான் இருக்கின்றன. அங்கும் ஐந்து குண்டுகள், ஐந்தும் இலக்கில். 20க்கு 20. கூட்டுவதற்கு எதுவும் இல்லாததால் அவர் சறுக்கி முடித்த நேரமே இறுதி நேரம் ஆனது: 1 மணி 20 நிமிடம் 26.8 விநாடி.

வெள்ளி பிரிவலோவுக்கு, 1 மணி 23 நிமிடம் 42.5 விநாடி. வெண்கலம் நார்வேயின் ஓலாவ் யோர்டெட்டுக்கு, 1 மணி 24 நிமிடம் 38.8 விநாடி. மெலானினுக்கும் பிரிவலோவுக்கும் இடையே 3 நிமிடம் 15.7 விநாடி.

பழக்கதோஷம், இதற்கும் நான் கணக்குப் போட்டேன். இந்த முறை ஒரு குண்டு தவறியிருந்தாலும் மெலானினுக்குத் தங்கம்தான். இரண்டு தவறியிருந்தால் வெள்ளி. அதாவது அவரிடம் மிச்சமாக ஒரு குண்டு இருந்தது. ஆனால் ஒருவர்பின் ஒருவராகப் புறப்படும் போட்டியில், நின்றபடி குறி பார்க்கும் அந்தக் கணத்தில், அப்படி ஒரு மிச்சம் இருப்பதை எந்த வீரரும் நம்பியிருக்க முடியாது. 1960ல் ஒரு குண்டுக்கு ஒரு பதக்கம் போனதைப் பார்த்தவருக்கு அந்த நம்பிக்கை இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

லெஸ்டாண்டரின் 1960 வெற்றியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கருத்து உண்டு. முதலாவது, நன்றாகச் சுட்டவரின் வெற்றி. இரண்டாவதுதான் பயத்லான் வீரரின் வெற்றி. சுவீடன்காரர்கள் சண்டைக்கு வரலாம். மெதுவாக வந்து சரியாகச் சுடுவதும் ஒரு வழிதான், விதிப்படி அதில் குற்றமில்லை. ஆனாலும் 1964 முடிவுப் பட்டியலில் மெலானினின் பெயருக்கு நேரே இருக்கும் அந்த பூஜ்யம் எனக்குத் தனியாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு பயத்லான் வேகமாக மாறியது. 1968ல் தொடர் ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு தொடங்கி 1988 வரை நடந்த ஆறு ஒலிம்பிக்கிலும் அந்தத் தங்கத்தைச் சோவியத் குழு வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வீரர்களில் பலரை உருவாக்கிய பயிற்றுவிப்பாளர் பிரிவலோவ், இரண்டு ஒலிம்பிக்கிலும் மெலானினோடு பதக்கத்துக்கு மோதிய அதே பிரிவலோவ். 1978ல் ராணுவ அளவிலான பெரிய துப்பாக்கிகள் நிறுத்தப்பட்டன. சிறிய துளைத் துப்பாக்கி வந்தது, எல்லா இலக்குகளும் 50 மீட்டருக்கு வந்தன. தனிநபர் போட்டியில் தவறுக்கான தண்டனையும் பிறகு 1 நிமிடமாகக் குறைந்தது. இன்றைய விதி அன்றே இருந்திருந்தால் ஸ்குவா வேலியில் மெலானினுக்குத் தங்கம் கிடைத்திருக்கும். சந்தேகமிருந்தால் நீங்களும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

மெலானின் 1994ல் கீரோவ் நகரில் காலமானார். வயது 60. அவர் பதக்கம் வாங்கித் தந்த நாடு அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கலைந்துவிட்டது. ராணுவ அளவிலான பெரிய துப்பாக்கிகள் நிறுத்தப்பட்டு 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.