நாதமுனிகளின் யோகம்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர், ராணிப்பேட்டை முதலான ஊர்களிலிருந்து வரும் அன்பர்கள், சோளிங்கபுரத்தில் 1305 படிகள் ஏறி, மூச்சு இரைக்க நின்று ஸேவிப்பது யோகத்தில் வீற்றிருக்கும் நரஸிம்ஹனை. எதிரே சிறிய மலையில் சங்கு சக்கரம் தரித்த அநுமனும் யோகத்திலேயே எழுந்தருளியிருக்கிறான். உடல் அசையாமல் அமர்ந்து நினைவை ஓரிடத்தில் நிறுத்தும் இந்த யோகம், நம் ஆசார்ய பரம்பரையின் முதல்வரான ஸ்ரீமந் நாதமுனிகளின் குலதனமாக இருந்தது.

காட்டுமன்னார்கோயில் எனப்படும் வீரநாராயணபுரத்தில், ஆனி அநுஷத்தில், ஈச்வர பட்டரின் திருக்குமாரராக அவதரித்தவர் இவர். பாசுரங்களை மீட்டவர் என்றே இவரைக் கொண்டாடுகிறோம். அம்மீட்சியும் யோகத்தால் வாய்த்ததே. குருகூரில் பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, திருப்புளியின் அடியில் அமர்ந்து, மனம் வேறெங்கும் செல்லாதபடி 12,000 உரு ஓதினார். நம்மாழ்வார் தோன்றி நாலாயிரத்தையும் அருளினார் என்கிறது குருபரம்பரை. பதினொன்றே பாசுரங்கள், ஆயினும் எத்தனை இரவும் பகலும் கழிந்திருக்க வேண்டும்!

ஆஸநத்தால் உடலும், பிராணாயாமத்தால் மூச்சும் அடங்கும். பிரத்யாஹாரத்தால் புலன்கள் உள்ளே திரும்பும். அதன் பின்னரே தாரணை, தியானம், ஸமாதி. நாதமுனிகளுக்கோ எண்ணம் ஒடுங்குதல் வெறுமையன்று. மற்ற நினைவுகள் விலகிய இடத்தில் எம்பெருமான் ஒருவனே நிற்பான். இதனை விளக்க அவர் இயற்றிய யோகரஹஸ்யம் மறைந்தொழிந்தது.

சீடர்களில் உய்யக்கொண்டாரிடம் யோகம் வேண்டுமா என்று கேட்டார். உலகம் துயரில் கிடக்கையில் தனித்து இன்பம் துய்க்க அவர் இசையவில்லை, பிரபந்தத்தையே பெற்றுக்கொண்டார். யோகம் குருகைக் காவலப்பனிடம் சென்றது.

பல்லாண்டுகளுக்குப் பின், நாதமுனிகளின் திருப்பேரனாரான ஆளவந்தார், மணக்கால் நம்பியின் சொற்படி காவலப்பனைத் தேடிச் சென்று, யோகம் கலையாதிருக்கச் சுவருக்குப் பின்னே ஓசையின்றி நின்றார். காவலப்பனோ திரும்பி, நாதமுனிகளின் சொட்டைக் குலத்தார் எவரேனும் வந்துளரோ என்று வினவினார். தம் உள்ளத்தில் நிற்கும் பெருமான், தம் தோளுக்கு மேலாக அடிக்கடி எட்டிப் பார்த்ததால் அறிந்தாராம். தாம் உடல் நீக்கும் நாளை ஓலையில் குறித்து, அதற்கு முன் வந்தால் யோகத்தை உபதேசிப்பதாகக் கூறினார்.

ஆளவந்தார் திருவனந்தபுரம் சென்று பத்மநாபனை ஸேவித்து நின்ற ஒரு நாள், அவ்வோலையை எடுத்துப் பார்த்தார். குறித்திருந்த நாள் அதுவே.