12 நாள் எரிந்த அடுப்பு... பாதரசம் மிச்சம், ஆக்சிஜன் காலி! யார் இந்த லவாய்சியர்?

ப்ளஸ் ஒன் வேதியியலில் பலரையும் திணறடித்த கணக்கு இது. ரெண்டு பொருள் வினைபுரியுது. எது முதலில் தீரும், எது மிஞ்சும்? முதலில் தீர்வதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. இந்தப் பெயரும் மோல் கணக்கும் பின்னால் வந்தவை. ஆனால், வினைக்கு முன்னும் பின்னும் எல்லாத்தையும் எடை போடணும் என்பதை வேதியியலின் பழக்கமாகவே மாற்றியவர் அந்துவான் லவாய்சியர்.

1743-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா வக்கீல், மகனும் சட்டம்தான் படித்தார். 1768-ல், மன்னருக்காக வரி வசூலிக்கும் தனியார் குத்தகை நிறுவனத்தில் பங்கு வாங்கினார். துல்லியமான, விலை உயர்ந்த தராசுகளை வாங்க முடிந்தது இந்த வருமானத்தால்தான். 1771-ல் சக குத்தகைதாரரின் மகள் மரி ஆனைத் திருமணம் செய்தார். அவருக்கு அப்போ வயசு வெறும் 13! பின்னாளில் ஆங்கில ஆய்வுகளை மொழிபெயர்த்ததும், கணவரின் புத்தகத்துக்குக் கருவிகளை வரைந்ததும் அவர்தான்.

அந்தப் புத்தகம் 1789-ல் வெளியானது. அதில் வரும் ஒரு சோதனையைப் பாருங்க. சுமார் 122 கிராம் பாதரசம், அதோடு தொடர்பில் அடைபட்ட சுமார் ஒரு லிட்டர் காற்று. 12 நாள் விடாமல் சூடாக்கினார். பாதரசத்தின் மேல் சிவப்புத் துகள்கள் வந்தன. சில நாளில் அது கூடுவது நின்றுபோச்சு. காற்றில் ஆறில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மிச்சக் காற்றில் மெழுகுவத்தி அணைந்தது. சிவப்புத் தூள் சுமார் 2.4 கிராம். அதைத் தனியா சூடாக்கினால் 2.2 கிராம் பாதரசமும், சுடரைப் பளிச்சென எரியவைக்கும் வாயுவும் திரும்பக் கிடைத்தன.

அதாவது, 122 கிராமில் வினைபுரிந்தது 2 சதவீதத்துக்கும் குறைவு. ஏன்? 200.6 கிராம் பாதரசத்துக்கு 16 கிராம் ஆக்சிஜன் வேணும். அப்போ 122 கிராமுக்கு 9.7 கிராம். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ கால் கிராமுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்!

இங்கேதான் பலரும் சறுக்குவாங்க. எடை கம்மியா இருப்பதுதான் முதலில் தீரும் என்று நினைச்சுடாதீங்க. 100 கிராம் பாதரசம், 10 கிராம் ஆக்சிஜன் எடுத்தால்? தேவை 8 கிராம் ஆக்சிஜன்தான். பத்து மடங்கு கனமான பாதரசம் முழுசா தீர்ந்து, 2 கிராம் ஆக்சிஜன் மிஞ்சும்.

பிரெஞ்சுப் புரட்சியில் வரிக் குத்தகைதாரர்கள் மக்களின் எதிரிகளானார்கள். அறிவியல் சாதனை எதுவும் காப்பாற்றவில்லை. 1793 நவம்பரில் கைது. 1794 மே 8-ம் தேதி, 28 குத்தகைதாரர்கள் கில்லட்டினில் கொல்லப்பட்டனர். 50 வயது லவாய்சியரும் மாமனாரும் அதில் இருந்தனர். ஒரே நாளில் கணவரையும் அப்பாவையும் இழந்த மரி ஆன், கணவர் தொகுக்கத் தொடங்கியிருந்த கட்டுரைகளைப் பிறகு தானே வெளியிட்டார்.