கை சரியாச்சு, பிழைப்பு போச்சு: வேலூர் டாக்டர் பால் பிராண்ட் சந்தித்த சிக்கல்

ஆபரேஷன் சக்சஸ். மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்துவிட்டன. ஆனால் நோயாளி முகத்தில் சந்தோஷம் இல்லை. வளைந்த கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள், நேரான கையைப் பார்த்துப் போடவில்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலை கொடுக்கவும் ஆளில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்டிடம் இப்படித் திரும்பி வந்தவர்கள் உண்டு. கையைச் சரிசெய்தால் மட்டும் போதுமா? அதற்குப் பிறகு அந்த மனிதர் எப்படிச் சாப்பிடுவார்?

யார் இந்த பிராண்ட்?

1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் லண்டனில் மருத்துவம் படித்து, அறுவைசிகிச்சை நிபுணராகி, 1946-ல் வேலூர் வந்தார்.

மறு வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பு மாதிரி இருந்தது. கை செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தது தப்பு என்று அவருக்குப் புரிந்தது.

அவர் கண்டுபிடித்தது என்ன?

தொழுநோய் சில நரம்புகளைத்தான் தாக்குகிறது. உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழக்கும். முன்கையின் பெரிய தசைகள் பல பிழைத்திருக்கும். அந்த நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து விரலில் இணைத்தால், விரல் மறுபடி வேலை செய்யும்.

இன்னொன்றும் தெரிந்தது. விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், காயத்தோடு வேலை செய்வார்கள். தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பிய கதையும் உண்டு.

முதல் ஆபரேஷன் யாருக்கு?

இங்கேதான் முதல் தர்மசங்கடம். யாரும் செய்யாத சிகிச்சை. தொழுநோயாளியின் புண் ஆறாது என்று பலரும் நம்பிய காலம். தோற்றால் இருக்கிற பிடியும் போகும். அதனால் இழக்க ஏதுமில்லாத அளவுக்கு மோசமான கைகளிலிருந்து தொடங்கினார்.

இது நியாயமான முடிவாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கு. வேறு வழியே இல்லாதவர் எதற்கும் சரி என்றுதானே சொல்வார்? அந்தச் சம்மதத்தை எவ்வளவு நம்பலாம்? புதிய சிகிச்சைகளில் இன்றைக்கும் இதே கேள்வி வருகிறது.

புருவம் வைப்பது ஆடம்பரமா?

கை நிமிர்ந்தாலும், புருவம் உதிர்ந்த முகமும் அமுங்கிய மூக்கும் நோயைக் காட்டிக்கொடுத்தன. தலைமுடி உள்ள தோலை எடுத்துப் புருவத்தில் வைத்தார்கள். மூக்கைச் சீரமைத்தார்கள். வெறும் அழகுக்கான ஆபரேஷன் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அது இல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாது, வேலையும் கிடைக்காது என்பதுதான் நிலைமை.

கண் இன்னும் அவசரம். நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாளிடம் கண்ணுக்காக வேண்டிக்கொள்கிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். பார்வை போனவர் விரலால் தடவியாவது நடமாடுவார். விரலிலும் உணர்ச்சி இல்லாதவருக்குக் கண்ணும் போனால்? இமை மூடாமல் காய்ந்துபோகும் கண்களைக் காப்பாற்றும் வேலையில் பிராண்டின் மனைவி, கண் மருத்துவர் மார்கரெட் இறங்கினார்.

சரி, பிழைப்புக்கு என்ன செய்தார்?

1950-களின் தொடக்கத்தில் சி.எம்.சி. வளாகத்திலேயே மண் குடிசைகள் போட்டு, 'நவஜீவ நிலையம்' என்ற பெயரில் ஒரு மையம் உருவானது. ஆபரேஷன் முடிந்தவர்கள் அங்கே தங்கி, தச்சு வேலை, மரப்பொம்மை செய்வது என்று கற்றுக்கொண்டார்கள். வலி தெரியாத கையால் சுத்தியல் பிடித்தால் புதுக் காயம் வரும். அதனால் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடி, கருவியைப் பிடிக்கும் விதத்தை மாற்றினார்கள். சிகிச்சையின் முடிவு தையல் பிரிக்கும் நாள் இல்லை, சொந்தமாகச் சம்பாதிக்கும் நாள் என்றானது.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. உணர்ச்சி போன பாதம் இருவருக்கும் பொதுவான பிரச்சினை. காலை எடுப்பதற்கு முன், புண்ணின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கணும் என்ற அணுகுமுறைக்கு அவர் பணி வலுச் சேர்த்தது.

2003-ல், 88 வயதில் பிராண்ட் இறந்தார். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அவர் பாடம் இன்றைக்கும் உதவும்: வலிக்கவில்லை என்று விடாதீங்க, தினமும் பாதத்தைப் பாருங்க.