நாராயண் மேகாஜி லோகண்டே

நாராயண் மேகாஜி லோகண்டே (1848 - பெப்ரவரி 9, 1897) இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடி ஆவார். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறையும் நண்பகல் உணவு இடைவேளையும் கிடைக்கப் பாடுபட்டவர். இவர் கோரிய அரைமணி நேர ஓய்வு, பின்னாளில் போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலைத் தோட்டங்கள் வரை சட்டமாயிற்று.

வாழ்க்கை

லோகண்டே மகாராட்டிரத்தின் தானேயில் பிறந்தார். தொடர்வண்டித் துறையிலும் அஞ்சல் துறையிலும் பணியாற்றிய பின் பம்பாய்ப் பஞ்சாலை ஒன்றில் பண்டகக் காப்பாளராகச் சேர்ந்தார். தொழிலாளர் படும் துன்பத்தை அங்கே நேரில் கண்டார். ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தில் ஈடுபட்ட இவர், 1880 முதல் தீனபந்து என்னும் மராத்தி இதழின் ஆசிரியராக விளங்கினார்.

ஆலைகளின் நிலை

அக்காலத்தில் ஆலைகள் சூரிய உதயம் முதல் மறைவு வரை இயங்கின. பல ஆலைகளில் உணவுக்காக எந்திரங்கள் நிறுத்தப்படவில்லை. தொழிலாளர்கள் தம் எந்திரத்தை அருகில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு முறைவைத்து உண்டனர். 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களின் வேலை நேரத்தையும் ஓய்வையும் மட்டுமே வரையறுத்தது.

கோரிக்கைகள்

1884 செப்டம்பரில் லோகண்டே தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டினார். சுமார் 5,500 பேர் ஒப்பமிட்ட மனு, அரசு அமைத்த ஆணையத்திடம் அளிக்கப்பட்டது. ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரைமணி நேர ஓய்வு, காலை 6.30 முதல் சூரிய மறைவு வரை மட்டுமே வேலை, மாதம் 15ஆம் நாளுக்குள் ஊதியம், வேலையில் காயமுற்றோருக்கு உதவி ஆகியவை அதன் கோரிக்கைகள்.

1890 ஏப்ரலில் நடந்த பெருங்கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் பேசினர். அவ்வாண்டு சூனில் ஆலை உரிமையாளர்கள் வார விடுமுறைக்கு உடன்பட்டனர். 1891ஆம் ஆண்டுச் சட்டம் நண்பகல் அரைமணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியது. பெண்களின் வேலை நேரம் 11 மணியாகவும், அவர்களுக்குரிய ஓய்வு ஒன்றரை மணியாகவும் வரையறுக்கப்பட்டன.

தோட்டத் தொழிலாளர்கள்

ஆலைகளுக்குரிய இச்சட்டம் மலைத்தோட்டங்களுக்குப் பொருந்தவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கும் முன் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்றது. பின்னர் திருத்தத்தின் மூலம் ஏலத் தோட்டங்களும் இதில் சேர்க்கப்பட்டன. ஆயினும் 5 எக்டேருக்கும் 15 தொழிலாளருக்கும் குறைந்த தோட்டங்கள் இதன் பொதுவரம்புக்கு வெளியே நின்றன. ஏலமலையில் சிறு தோட்டங்கள் மிகுதி. ஆகவே, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக நாள்தோறும் மலையேறிக் காய் பறிக்கச் செல்லும் பெண்களில் சிறு தோட்டங்களில் வேலை செய்தோருக்கு, உணவு இடைவேளை சட்ட உரிமையாக அன்றி வழக்கமாகவே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

மறைவு

1897இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளுக்கு உதவிய லோகண்டே, அந்நோய்க்கே பலியானார். 2005இல் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.